புகை எங்கே இறங்கும்? மாசுப் பரவல் மாடல்களைச் சோதிக்கும் விதம்

அனல் மின் நிலையம் வரப்போகிறது என்றால் இரண்டு பேச்சுகள் காதில் விழும். "இது அரசே ஏற்றுக்கொண்ட மாடல், சோதித்துப் பார்த்தது, அதில் வந்த எண்ணைச் சந்தேகப்பட ஒன்றுமில்லை" என்பார் ஒருவர். "கம்ப்யூட்டரில் எதை வேண்டுமானாலும் வரவழைக்கலாம், எல்லாம் கண்துடைப்பு" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மாடலைச் சோதித்தார்கள் என்றால் எங்கே, எதை, எதோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள்? இதற்கு விடை தெரிந்தால் எந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது ஓரளவு பிடிபடும். கணக்குச் சூத்திரம் எதுவும் தேவையில்லை.

முதலில், மாடல் எதைக் கணக்கிடுகிறது?

ஊருக்கு வெளியே செங்கல் சூளை இருந்தால் இதை நேரிலேயே பார்க்கலாம். விடியற்காலையில் சூளைப் புகை கொஞ்ச தூரம் எழும்பி, அதே உயரத்தில் பாய் விரித்தாற்போல் படுத்துக்கொண்டு நெடுந்தூரம் போகும். மேலேயும் போகாது, கீழேயும் இறங்காது. அதே புகை உச்சிவெயிலில் வளைந்து வளைந்து போகும். ஒரு நேரம் மேலே ஏறும், ஒரு நேரம் சடாரென்று தரைக்கு வந்து கண்ணைக் கரிக்கும். சூளையும் அதுதான், எரிபொருளும் அதுதான். மாறியது காற்று மட்டும்.

இரவில் தரை குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து அங்கேயே கிடக்கிறது. அதனால் மேலுக்கும் கீழுக்கும் கலப்பு நடப்பதில்லை. பகலில் வெயில் தரையைச் சூடாக்க, சூடான காற்று குமிழ் குமிழாக மேலே போகிறது. அது விட்ட இடத்தை நிரப்ப மேலே இருந்த காற்று கீழே வருகிறது. இப்படிக் காற்று தாறுமாறாகச் சுழன்று கலப்பதைக் கொந்தளிப்பு என்போம்.

புகைபோக்கியிலிருந்து கிளம்பிக் காற்றோடு நீண்டு போகும் புகைக்குப் புகைத்தாரை என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் காற்றில் எவ்வளவு மாசு இருக்கிறது என்பது செறிவு. இதை மைக்ரோகிராமில் சொல்வார்கள். வினாடிக்கு எவ்வளவு மாசு வெளியேறுகிறது, புகைபோக்கி எவ்வளவு உயரம், புகை எவ்வளவு சூடு, காற்றின் வேகமும் திசையும் என்ன, கொந்தளிப்பு எவ்வளவு என்ற விவரங்களை வாங்கிக்கொண்டு, தரையில் இன்ன இடத்தில் இந்த ஒரு மணி நேரத்தின் சராசரிச் செறிவு இவ்வளவு என்று சொல்லும் கணக்குதான் பரவல் மாடல்.

இங்கே உயரம் ஏமாற்றும். 200 மீட்டர் புகைபோக்கி என்றால் புகை 200 மீட்டரில் நிற்காது. சூட்டினால் அது மேலும் எழும்பும், சில நாட்களில் இன்னொரு 200 மீட்டரோ அதற்கும் மேலோ ஏறிவிடும். அந்த உயரத்திலிருந்து அது எப்போது, எங்கே தரையைத் தொடும் என்பதுதான் பிரச்சினையே. பலரும் இரவுதான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். உயரமான புகைபோக்கி, சமதளமான ஊர் என்றால் பெரும்பாலும் நேர்மாறு. இரவில் புகை தலைக்கு மேலே கடந்து போய்விடும். வெயில் ஏறிய பகலில்தான் சில கிலோமீட்டருக்குள்ளேயே தரைக்கு வரும்.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: மாடல் தருவது ஒரு மணி நேரத்தின் சராசரி, அந்தச் சராசரியைத் தீர்மானிப்பதில் புகைபோக்கிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அன்றைய காற்றுக்கும் உண்டு.

அளந்தது யாருடைய புகை?

மாடலைச் சோதிக்க, அது சொன்ன செறிவையும் கருவி அளந்த செறிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும் என்று தோன்றும். முதல் சிக்கல் அங்கேயே வந்துவிடுகிறது. மின் நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டரில் ஒரு கருவி வைக்கிறோம். அது சல்பர் டை ஆக்சைடு 40 மைக்ரோகிராம் என்று காட்டுகிறது. இதில் மின் நிலையத்தின் பங்கு எவ்வளவு? பக்கத்து ஆலை, லாரிகள், தூரத்து நகரம் எல்லாம் சேர்ந்துதானே அந்த 40? காற்று வரும் திசையில் இன்னொரு கருவி வைத்து அதைக் கழிக்கலாம். கழிக்கிறார்கள், ஆனாலும் கொஞ்சம் சந்தேகம் மிஞ்சும்.

இதற்குக் கண்டுபிடித்த வழிதான் தடங்காட்டி வாயு. இயற்கையான காற்றில் கிட்டத்தட்ட இல்லாத, மிகக் குறைந்த அளவிலும் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு வாயுவைத் தெரிந்த அளவில் புகைபோக்கிக்குள் விடுவது. அப்புறம் வயல்வெளியில் எங்கே அந்த வாயு அகப்பட்டாலும் அது இந்தப் புகைபோக்கியிலிருந்து வந்ததுதான். சல்பர் ஹெக்ஸாபுளோரைடு இதற்கு நெடுங்காலம் கைகொடுத்தது. அது புவியை வெகுவாகச் சூடாக்கும் வாயு என்பதால் இப்போது அதைத் தாராளமாகத் திறந்துவிட யாரும் துணிவதில்லை. அதனாலும் பழைய சோதனைத் தரவுகளுக்கு இன்றுவரை மவுசு குறையவில்லை.

மிகப் பிரபலமான பழைய சோதனை 1956 கோடையில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஓ'நீல் என்ற ஊருக்கருகே புல்வெளியில் நடந்தது. பிரெய்ரி கிராஸ் என்பது அதன் பெயர். தரையிலிருந்து அரை மீட்டர்கூட இல்லாத உயரத்தில் சல்பர் டை ஆக்சைடை ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் விட்டு, அந்த இடத்தைச் சுற்றி 50 மீட்டரிலிருந்து 800 மீட்டர் வரை ஐந்து தூரங்களில், ஐந்து வளைவுகளாகக் கருவி வைத்து அளந்தார்கள். அருமையான தரவு. தூரம் கூடக்கூடப் புகை எவ்வளவு விரியும் என்று காட்டும் பரவல் வளைகோடுகள் பின்னாளில் உலகம் முழுக்கப் புழங்கின; அவற்றுக்கு இது ஒரு முக்கிய அடித்தளம். ஆனால் அந்த வளைகோடுகளை நீட்டி நீட்டி 100 கிலோமீட்டர் வரை கொண்டுபோனார்கள், வானுயர்ந்த புகைபோக்கிகளுக்கும் பயன்படுத்தினார்கள். தரையோரப் புகையை 800 மீட்டர் வரை அளந்து கற்றதை அங்கே பொருத்தினால் சரியாக வருமா என்ற சந்தேகம் நியாயமானதுதானே?

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க அமெரிக்க மின்சக்தி ஆய்வு நிறுவனமான எப்ரி, 1980-81இல் இல்லினாய் மாநிலத்தின் கின்கெய்டு அனல் மின் நிலையத்தைத் தேர்ந்தெடுத்தது. புகைபோக்கி 187 மீட்டர். சுற்றிலும் தட்டையான விவசாய நிலம், ஏரி. சல்பர் ஹெக்ஸாபுளோரைடைப் புகையோடு கலந்து விட்டார்கள். காற்று போகும் பக்கத்தில் அரை கிலோமீட்டரிலிருந்து 50 கிலோமீட்டர் வரை வளைவு வளைவாகச் சுமார் 200 காற்றுப் பிடிப்பான்களை வைத்தார்கள். ஒவ்வொரு மணி நேரக் காற்றையும் தனித்தனியாகப் பிடித்து, ஆய்வகத்தில் அளந்தார்கள். இப்படிச் சேர்ந்தது மொத்தம் 171 மணி நேரத் தரவு. அங்கேயே நிலையான கருவிகளால் சல்பர் டை ஆக்சைடையும் பல மாதம் அளந்தார்கள்.

இந்தத் தரவில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மணி நேரத்தின் ஒவ்வொரு வளைவுக்கும் 0 முதல் 3 வரை தரமதிப்பு போட்டிருக்கிறார்கள். ஏனென்றால் 200 பிடிப்பான் இருந்தாலும் புகைத்தாரை இரண்டு பிடிப்பானுக்கு நடுவே நழுவிப் போயிருக்கலாம், அல்லது வளைவின் ஓரத்தைத் தாண்டிப் போயிருக்கலாம். அப்படியானால் அளந்ததில் வந்த உச்ச எண் உண்மையான உச்சமே இல்லை. அளவீடு என்றாலே சத்தியவாக்கு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அளப்பதிலும் பிசகு உண்டு. அதை ஒளிக்காமல் எண்ணாகவே போட்டுவைத்தார்கள்.

இரண்டும் ஏன் ஒத்துப்போவதில்லை?

ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் எடுத்துக்காட்டுக்குப் போட்டவை. ஒரு வளைவில் வரிசையாக ஐந்து பிடிப்பான்கள். அளந்த செறிவுகள்: 2, 15, 60, 40, 5. மாடல் சொன்னவை: 0, 3, 20, 62, 30.

ஒவ்வோர் இடமாகப் பார்த்தால் மாடல் படுதோல்வி. 15 இருந்த இடத்தில் 3 என்கிறது, 5 இருந்த இடத்தில் 30 என்கிறது. ஆனால் உச்சத்தைப் பாருங்கள்: அளந்தது 60, மாடல் 62. ஐந்தையும் கூட்டினால் அளந்தது 122, மாடல் 115. புகை எவ்வளவு தரையில் இறங்கியது என்பதை மாடல் நன்றாகவே பிடித்திருக்கிறது. புகைத்தாரையை மட்டும் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி வைத்துவிட்டது.

காரணம் காற்றின் திசை. காற்றுத்திசையில் பத்து பாகை பிசகினால் 10 கிலோமீட்டர் தூரத்தில் புகைத்தாரை சுமார் 1.75 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். புகைத்தாரையே அவ்வளவு அகலம் இல்லாத நேரங்கள் உண்டு. ஒரே ஒரு கம்பத்தில் வைத்த காற்றுமானி ஐந்து, பத்து பாகை பிசகுவது சாதாரணம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டி நெறியே இதைச் சொல்கிறது: இந்த அளவு பிசகினால் குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட இடத்தில் செறிவு 20 முதல் 70 சதவீதம் வரை தவறலாம்.

இன்னொரு காரணம் அடிப்படையானது. காற்றுமானி துல்லியமாக இருந்தாலும் தீராதது. மாடல் சொல்வது, இதே வெயில், இதே காற்று நிலைமை நூறு முறை வந்தால் கிடைக்கும் சராசரியை. கருவி அளந்தது அந்த நூறில் ஒன்றை. உச்சிவெயிலில் சூளைப் புகை எந்த நிமிடம் எங்கே இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது அல்லவா? அந்தத் தற்செயல் மாடலின் குறை இல்லை, காற்றின் குணம். எவ்வளவு நல்ல மாடலானாலும் இந்த இடைவெளி இருக்கும்.

ஆக, மாடலும் கருவியும் மணிக்கு மணி, இடத்துக்கு இடம் ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் வைத்து மாடல் பொய் என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் மதிப்பெண் எப்படிப் போடுவது?

இந்தக் கேள்விக்காகவே 1980இல் மாசாசூசெட்ஸ் மாநிலத்தின் வுட்ஸ் ஹோலில் அமெரிக்க வானிலைக் கழகம் ஒரு பயிலரங்கு நடத்தியது. ஒரே மதிப்பெண் போதாது, பல கோணத்தில் பார்க்க வேண்டும் என்ற போக்கு அந்தக் காலத்தில்தான் வேரூன்றியது. அதில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது சாய்வு. மாடல் மொத்தத்தில் கூட்டிச் சொல்கிறதா, குறைத்துச் சொல்கிறதா? மேலே உள்ள எடுத்துக்காட்டில் 122க்கு 115, ஏறக்குறைய ஆறு சதவீதம் குறைவு. நல்ல மதிப்பெண். இரண்டாவது, இருமடங்கு விகிதம். மாடல் சொன்னது அளந்ததில் பாதிக்குக் குறையாமலும் இரண்டு மடங்குக்கு மேற்படாமலும் இருந்தால் அது ஒரு வெற்றி. மொத்தத்தில் எத்தனை பங்கு வெற்றி என்று பார்ப்பார்கள். நம் ஐந்தில் 40க்கு 62 என்ற ஒன்றுதான் தேறுகிறது, அதாவது 20 சதவீதம். இத்துறையில் பேர்பெற்ற ஜோசப் சாங், ஸ்டீவன் ஹன்னா இருவரும் 2004இல் எழுதிய கட்டுரையில், நல்ல மாடலுக்குப் பாதியாவது தேற வேண்டும், சாய்வு 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு கைக்கணக்கைச் சொன்னார்கள். அது பலருக்கும் அளவுகோலாகிவிட்டது. பாதி தேறினாலே நல்ல மாடலா என்று சிரிப்பு வரலாம். மேலே சொன்ன காற்றின் குணத்தை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

மூன்றாவதுதான் அதிகம் புழங்குவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும். அளந்த எண்களையெல்லாம் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குகிறார்கள். மாடல் எண்களையும் தனியாக அப்படியே அடுக்குகிறார்கள். பிறகு முதலாவதை முதலாவதோடும், பத்தாவதைப் பத்தாவதோடும் ஒப்பிடுகிறார்கள். இதை வரிசை ஒப்பீடு என்று சொல்லலாம். எந்த நாள், எந்த இடம் என்பதெல்லாம் இதில் கணக்கில் வராது. மாடலின் உச்சம் ஜூன் மாதம் கிழக்கே வந்திருக்கலாம், அளந்த உச்சம் ஆகஸ்டில் வடக்கே வந்திருக்கலாம். இரண்டும் ஒரே அளவு என்றால் மாடல் பாஸ்.

இது ஏமாற்று வேலை போலத் தெரியும். ஆனால் அனுமதி கொடுப்பவர் கேட்கும் கேள்வியைப் பாருங்கள்: இந்த ஆலையால் சுற்றுப்புறத்தில் எங்காவது, எப்போதாவது செறிவு வரம்பைத் தாண்டுமா? அதற்கு உச்சம் எவ்வளவு என்று தெரிந்தால் போதும், எந்த நாள் என்று தெரிய வேண்டியதில்லை. அந்தக் கேள்விக்கு இது பொருத்தமான சோதனை. அதே வழிகாட்டி நெறி இன்னும் தெளிவாகச் சொல்கிறது: எங்காவது எப்போதாவது வரும் உச்சத்தில் பத்து முதல் நாற்பது சதவீதம் வரை முன்பின்னாகத் தவறுவது வழக்கம், குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட இடத்தில் என்ன இருந்தது என்பதற்கு மாடலை நம்புவது மிகக் கடினம்.

கவனியுங்கள், இவை இரண்டு வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்குச் சோதித்துப் பாஸான மாடலின் எண்ணைக் காட்டி, "உங்கள் பள்ளிக்கூட வாசலில் இவ்வளவுதான் வரும்" என்று இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது தவறு. நடைமுறையில் இந்தத் தாவல் வெகு சாதாரணமாக நடக்கிறது.

விடை சரி, வழி தப்பு

வரிசை ஒப்பீட்டில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. தப்பான நேரத்தில் தப்பான காரணத்தால் வந்த உச்சமும் எண்ணளவில் பொருந்திவிட்டால் தேறிவிடும். அதனால் நல்ல ஆய்வாளர்கள் அடுக்கிப் பார்ப்பதோடு நிற்பதில்லை. உச்சம் எந்த மாதிரி நேரத்தில் வந்தது என்று கிளறுவார்கள்.

கின்கெய்டு தரவு அங்கேதான் பயன்பட்டது. பழைய மாடல்கள் புகைத்தாரை அதன் நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் ஒரே மாதிரி விரிகிறது என்று வைத்துக்கொண்டன. வெயில் நேரக் காற்று அப்படி இல்லை. சூடான காற்று குறுகலான தூண்களாக வேகமாக மேலே போகிறது. கீழே வரும் காற்று அகலமாக, மெதுவாக வருகிறது. எந்த நேரத்தில் பார்த்தாலும் பரப்பில் ஏறத்தாழ அறுபது சதவீதம் கீழிறங்கும் காற்றுதான். ஆகவே உயரத்தில் விட்ட புகை, ஏறும் காற்றில் மாட்டுவதைவிட இறங்கும் காற்றில் மாட்டவே வாய்ப்பு அதிகம். டியர்டார்ஃப், வில்லிஸ் என்ற இரு அறிவியலாளர்கள் 1970களில் நீர்த்தொட்டியை அடியில் சூடாக்கி இதைக் கண்கூடாகக் காட்டினார்கள். உயரத்தில் விட்ட துகள்களின் நடுக்கோடு தரையை நோக்கிச் சாய்ந்தே வந்தது. உயரமான புகைபோக்கியின் புகை வெயில் நேரத்தில் பக்கத்திலேயே இறங்குவது இதனால்தான்.

இந்தப் புரிதலை உள்ளே வைத்துக் கட்டியதுதான் ஏர்மாட். அமெரிக்க முகமை 2005இல் இதைத் தன் முதன்மை மாடலாக அறிவித்தது. இந்திய சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளிலும் இப்போது அடிக்கடி தென்படும் பெயர் இது. ஏர்மாடை 17 களத் தரவுத் தொகுப்புகளோடு ஒப்பிட்டார்கள். அதில் ஒரு நேர்மை உண்டு. கின்கெய்டு, பிரெய்ரி கிராஸ் போன்ற சிலவற்றை மாடலைச் செதுக்கும்போதே பயன்படுத்தியதால், அவற்றில் நன்றாக வந்ததைப் பெரிய சாதனையாக எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் இல்லினாயின் பால்ட்வின், ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் கிளிஃப்டி கிரீக் போன்ற மின் நிலையங்களின் தரவைத் தனியே வைத்திருந்து பிறகு சோதித்தார்கள். எந்த மாடல் ஒப்பீட்டு அறிக்கையைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்தப் பிரிவினையைத்தான். அது இல்லாவிட்டால் மிச்சத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

மலைப்பகுதி கதை வேறு. நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றோரம் இருந்த லோவெட் மின் நிலையத்தைச் சுற்றிக் குன்றுகள். இரவில் கனத்த காற்று குன்றின் மேலேறத் தெம்பில்லாமல் பக்கவாட்டில் சுற்றிப் போகும், கொஞ்சம் உயரத்தில் இருக்கும் காற்று மட்டும் தாண்டிப் போகும். இந்தப் பிரிவைக் கணக்கில் எடுக்காத பழைய மாடல், புகை நேரே குன்றில் மோதுவதாக நினைத்து அளந்ததைவிடப் பல மடங்கு கூட்டிச் சொன்னது. மாடல் என்றால் எப்போதும் ஆலைக்குச் சாதகமாகக் குறைத்துத்தான் சொல்லும் என்பவர்கள் லோவெட்டை நினைத்துக்கொள்ளலாம்.

சோதித்தது வயல்வெளியில், ஆலை கடற்கரையில்

கின்கெய்டு, பால்ட்வின் போன்ற இடங்களில் தேறிய மாடல் வேறு நிலத்தில் தேறுமா என்பது தனிக் கேள்வி. நமக்கு இது முக்கியம். எண்ணூர், தூத்துக்குடி என்று தமிழ்நாட்டின் பெரிய அனல் மின் நிலையங்கள் பலவும் கடலோரத்தில் நிற்கின்றன.

பகலில் கடல்மேல் இருக்கும் காற்று குளிர்ச்சியாக, கொந்தளிப்பு இல்லாமல் இருக்கும். கடற்காற்றாக அது கரைக்குள் நுழைந்ததும் சூடான தரை அதை அடியிலிருந்து கலக்கத் தொடங்கும். கலக்கும் அடுக்கு கரையோரத்தில் மெல்லியதாக இருக்கும், உள்ளே போகப்போகத் தடிக்கும். கரையில் நிற்கும் உயரமான புகைபோக்கியின் புகை முதலில் அமைதியான காற்றில் குறுகலாக, அதிகம் நீர்த்துப்போகாமல் உள்நோக்கிப் போகும். சில கிலோமீட்டர் தள்ளி, தடித்து வரும் கலப்பு அடுக்கு அந்தப் புகையை எட்டிப் பிடிக்கும். அங்கே அது மொத்தமாகத் தரைக்கு இறங்கும். இதைக் கடலோரப் புகையிறக்கம் என்று சொல்லலாம். கடற்காற்று நீடிக்கும் வரை மணிக்கணக்கில் இது நடக்கலாம்.

கனடாவில் ஈரி ஏரிக்கரையின் நான்டிகோக் மின் நிலையத்தில் 1978இலும், மேற்கு ஆஸ்திரேலியாவின் குவினானாவில் 1995இலும் இதற்கென்றே களஆய்வு நடத்தி அளந்திருக்கிறார்கள். ஏர்மாட் இந்த நிகழ்வைக் கணக்கிடுவதற்காகக் கட்டப்பட்டதல்ல. கரையோரக் கலப்பு அடுக்கைக் கணக்கில் எடுக்கும் வேறு மாடல்கள் உண்டு.

சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் வழக்கமாக ஓர் அட்டவணை இருக்கும். ஏற்கெனவே அளந்த செறிவு, ஆலையால் கூடும் என்று மாடல் சொல்லும் அதிகபட்சச் செறிவு, இரண்டின் கூட்டல், பக்கத்தில் தேசிய வரம்பு. சல்பர் டை ஆக்சைடுக்கு 24 மணி நேர வரம்பு 80 மைக்ரோகிராம். கூட்டல் வரம்புக்குள் இருந்தால் அதோடு பேச்சு முடிந்துவிடும். கூடுதலாக வரும் எண் 12.37 என்று இரண்டு புள்ளிக்குத் துல்லியமாக அச்சாகியிருக்கும்போது, உச்சத்திலேயே பத்து முதல் நாற்பது சதவீதம் தவறலாம் என்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அந்த நாற்பதும்கூட, பொருத்தமான நிலத்தில், அந்த இடத்துக் காற்றுத் தரவை வைத்து ஓட்டிய மாடலுக்குத்தான்.

ஆகவே அறிக்கை கையில் கிடைத்தால் அட்டவணைக்கு முன்னால் இருக்கும் பக்கங்களைப் புரட்டுங்கள். எந்த மாடல், எந்தப் பதிப்பு? காற்றுத் தரவு அந்த இடத்திலேயே எடுத்ததா, தூரத்து விமான நிலையத்தில் எடுத்ததா? ஒரு பருவத்துத் தரவா, முழு ஆண்டா? கடலோரம் என்றால் கடலோரப் புகையிறக்கம் பற்றி ஒரு பத்தியாவது இருக்கிறதா? கருத்துக்கேட்புக் கூட்டத்தில் "கம்ப்யூட்டர் கணக்கு" என்று சொல்வதைவிட, இந்த நான்கில் ஒன்றை எழுத்து மூலம் கேட்டால் அதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டிய நிலை வரும்.